மடுவத்துக்குப் போகும் பாதை

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிய பிறகு, உபதேசியார் கோயில் மணியை விடாமல் அடித்தார். மண்சரிவு வந்தால் எப்படி வெளியேறுவது என்று சபையார் பழகிப் பார்க்கும் முதல் நாள். கஹவத்தைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒத்திகைக்குப் பொறுப்பு தர்மிளா. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மணி கேட்டதும் உடுப்பும் அடையாள அட்டையும் வைத்த பையோடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

மடுவத்துக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். தர்மிளா மற்றவர்களைத் தேடிப் போனபோது, எல்லோரும் கோயிலுக்குள் இருந்தார்கள். அவளுடைய மகள் ஷாமிளா முன் வாங்கில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிச்சாங்கல்லம்மா?" என்றாள் குழந்தை.

நடக்கத் தொடங்கியதிலிருந்து மணிச் சத்தத்துக்குக் கோயிலுக்கு ஓடிய கால்கள். ஆனால் கோயில் இருப்பது இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள பாறையில் தடைப்பட்டு, அந்த மடிப்பை நோக்கியே ஊறி வரும். ஊறிய மண் கனக்கும். பாறையின்மேல் பிடி தளர்ந்து வழுக்கும். கோயிலுக்குப் பின்னால் கோடையிலும் வற்றாத ஊற்று இருப்பது அதனால்தான். மடுவமோ முகட்டில் நிற்கிறது. அங்கே விழும் தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து ஓடிவிடும்.

"மணியடிச்சு எல்லாத்தையும் சரிவுக்கு அடியில குந்த வச்சிட்டோம் ஐயா. எம்புள்ளதான் மொத ஆளு. இனிமே தப்பு மேளம் அடிக்கச் சொல்லுவோங்க" என்றாள் தர்மிளா.

"சாவு வீட்டு மேளமா? பாதர் கேட்டா என்னையப் பொதச்சிட்டுத்தான் மறுவேல பாப்பாரு" என்றார் உபதேசியார்.

தர்மிளா விடவில்லை. தப்புச் சத்தம் கேட்டால் யாரும் கோயிலுக்கு ஓடமாட்டார்கள்; என்னவென்று முதலில் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். அந்த நேரம் போதும், சொன்ன இடம் நினைவுக்கு வர. மேல் லயத்தில் தப்பு அடிக்கும் ஏழுமலையை அழைத்து வந்தாள்.

"உசுரோட இருக்கிறவங்களுக்கு அடிக்க எனக்கும் ஆசதாங்க" என்றார் ஏழுமலை. உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தூறலில் தப்பு முழங்கியது. கதவுகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. பைகள் வெளியே வந்தன. தர்மிளாவின் கணவன் பிரதீபன், நடக்க முடியாத அழகம்மாவை நாற்காலியோடு தூக்க நின்றுவிட்டதால், ஷாமிளா எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அது கோயிலுக்கும் மடுவத்துக்கும் பிரியும் இடத்தில் அவள் நின்றாள்.

மடுவத்தில் காத்திருந்த தர்மிளா மேலிருந்து கூப்பிட்டிருக்கலாம். மழை கொட்டும் நாளில் அந்தக் குரல் அங்கே கேட்காது. தர்மிளா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தலையில் பைகளோடு லயமே அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையாக நின்றது. ஷாமிளா கோயிலைப் பார்த்தாள், மடுவத்தைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு, மடுவத்துக்குப் போகும் பாதையில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.