முப்பத்தொன்றாம் கட்டம்

அவளுக்குக் கடுகு என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை. ஆள் குள்ளம், வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள், அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். இதற்குள் நாலு மேலதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அவளுக்குப் பயந்தே மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகப் பேச்சு உண்டு.

அவள் கட்டிக் காப்பது ஓர் ஆகாயக் கப்பல். ஊர் வாயில் அது பலூன். அவள் காதுபட யாராவது அப்படிச் சொன்னால், "ஆமா, பொறந்த நாளைக்கு ஊதிக் கட்டினது" என்பாள். ஒரு தெரு நீளம் இருக்கும். மேகத்துக்கும் விமானத்துக்கும் மேலே, இருபது கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். முதுகில் சூரிய மின் தகடுகள், வயிற்றில் ஆன்டெனாக்கள். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக் காடு. ஆளில்லாத பொட்டலில் டவர் நட எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தலையெழுத்து? அதனால் சுரங்க முகாம், லாரி ரோடு, அங்கங்கே நாலு குடியிருப்பு என்று அத்தனை பேருடைய போனும் அந்த ஒரு கப்பலை நம்பித்தான் இருந்தது.

அவள் வேலை மின்சாரத்தைப் பங்கு வைப்பது. மேலே காற்று தள்ளும். அதில் அடித்துப் போகாமல் நிற்க மோட்டார்கள் ஓட வேண்டும். மோட்டார்கள் தின்றது போக மிச்சம்தான் போன்களுக்கு. திரையில் நிலத்தை நாற்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இப்போது எத்தனை போன் இருக்கிறது என்று ஓர் எண் காட்டும். மின்சாரம் பற்றாவிட்டால், ஆள் குறைந்த கட்டங்களை முதலில் தூங்க வைப்பாள். தூங்கும் கட்டத்தில் போனில் சிக்னல் கோடு தெரியும், ஆனால் எந்த அழைப்பும் போகாது, வராது. காலியான கட்டத்துக்குள் புதிதாக யாராவது வந்தால் சைபர் ஒன்றாக மாறும், மணி அடிக்கும், உடனே எழுப்பிவிட வேண்டும். அப்படியும் பற்றாவிட்டால் கட்டத்தையே அணைத்துவிடுவார்கள்.

இதில் முப்பத்தொன்றாம் கட்டம் மட்டும் தனி. அங்கே மனிதவாடையே கிடையாது. சிக்னலை அளந்து பார்க்க நிலையமே ஒரு சோதனைப் போனை இரும்புப் பெட்டியில் பூட்டிக் கம்பத்தில் கட்டியிருந்தது. அதனால் அந்தக் கட்டம் எப்போதும் ஒன்று என்றே காட்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கழிவறை எங்கே என்று சொல்வதற்கு முன்பே கடுகு சொல்லிவிடுவாள்: "முப்பத்தொண்ணுல ஒண்ணுன்னா சைபர்னு அர்த்தம்." அந்தப் போன் வெயிலில் சூடேறி அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். அப்போதெல்லாம் மணி அடித்து உயிரை வாங்கியது. எரிச்சல் தாங்காமல் அந்தக் கட்டத்துக்கு மட்டும் மணியை நிறுத்தி வைத்ததும் அவள்தான்.

அந்தப் புதன்கிழமை தரையில் ஓர் இலைகூட அசையவில்லை. மேலேயோ மூன்றாவது நாளாகக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. பாதிக் கட்டங்களைத் தூங்க வைத்தாகிவிட்டது. பன்னிரண்டரை மணிக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. தம்பி மனைவி.

"அக்கா, பத்து மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னாரு. இன்னும் கூப்பிடல. நான் போட்டாலும் கிடைக்க மாட்டேங்குது."

"முகாமுக்குத்தானே போறான்?"

"ஆமா. துளை போடற குழாய் ஏத்திக்கிட்டு விடியக்காலைலயே கிளம்பிட்டாரு. அங்க கேட்டா இன்னும் வரலைங்கறாங்க."

தம்பி லாரி ஓட்டுகிறவன். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஏழு வயது. சோறு ஊட்டியது, முதுகில் நாலு வைத்தது, பெண் பார்த்துக் கட்டி வைத்தது எல்லாம் இவள்தான். இவள் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காததற்கும் அவன்தான் காரணம், அதை அவள் அவனிடம் சொன்னதில்லை.

"வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காராத. டயர் கியர் போயிருக்கும். நான் இங்கதானே இருக்கேன், பாத்துக்கறேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள். திரையில் எண்தான் தெரியும், ஆள் தெரியாது. யாருடைய போன் எங்கே என்கிற விவரம் போன் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அவர்களைக் கேட்டாள். போலீஸ் கடிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவள் கத்திய கத்தலில் எதிர்முனை வைத்துவிட்டுப் போனது.

ஒன்றரை மணிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பினார். கப்பலின் மின்கலங்களைக் கவனிப்பவர், அதனால் பேட்டரி என்றே பெயராகிவிட்டது.

"மேடம், தாங்காது. மூணு கட்டத்தையாவது அணைச்சாகணும். இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு ரெண்டுலயும் நாலு நாலு பேருதான் இருக்காங்க."

"அது லாரி ரோடு."

"தெரியும் மேடம். ஆனா..."

"ரோட்டுக் கட்டத்துல கைய வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். என் தம்பி அந்த ரோட்டுல எங்கயோ நிக்கிறான்."

அவளே பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒன்பதில் சைபர். நாற்பதில் சைபர். முப்பத்தொன்றில் ஒன்று, அதாவது சைபர். ஒன்று நாற்பதுக்கு மூன்றையும் தன் கையாலேயே அணைத்தாள். மிச்சமான மின்சாரத்தில் ரோட்டுக் கட்டங்கள் இரண்டும் விழித்திருந்தன. தம்பிக்கு ஏதோ நம்மாலானதைச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை போலீஸ் ஜீப் இரண்டு பக்கமிருந்தும் ரோட்டை அலசியது. லாரி இல்லை, டயர் தடம்கூட இல்லை. பாதி வழியில் பாலம் வேலை நடக்கிறது, வண்டிகளைச் சுற்றுப்பாதையில் திருப்பிவிடுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. சுற்றுப்பாதையிலும் தேடினார்கள். எட்டு டன் குழாயோடு ஒரு லாரி காற்றில் கரைந்துவிட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பழுது பார்ப்பவர் ஒரு தாளை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே கம்பம், பெட்டி, ஒயர் எல்லாம் அவர் பொறுப்பு. நேரம் காலம் தெரியாத மனுஷர்.

"ஒரு கையெழுத்து மேடம். புதுப் பெட்டி வாங்கணும்."

"எந்தப் பெட்டி?"

"அதான், முப்பத்தொண்ணுல இருந்துச்சே. துருப்பிடிச்சு மூடி கழண்டுபோச்சு. போனோட கழட்டிக் கொண்டாந்துட்டேன். போன் என் மேஜை மேலதான் கிடக்கு."

"எப்ப கழட்டினீங்க?"

"போன வாரமே. பழுது ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேனே, நீங்க பாக்கலையா?"

கடுகு முப்பத்தொன்றின் பழைய பதிவைத் திறந்தாள். ஆறு நாளாகச் சைபர் காட்டியிருக்கிறது. ஆறு நாளும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சைபரும் ஒன்றும் அந்த இடத்தில் ஒன்றுதான் என்று பழகிப்போன கண் அது, வித்தியாசம் எப்படித் தெரியும்? புதன்கிழமை பகல் பதினொன்று பத்துக்குச் சைபர் ஒன்றாகியிருந்தது. அதற்கு அடுத்த பதிவு அவள் அணைத்த நேரம்.

நடுவில் இரண்டரை மணி நேரம். அந்தக் கட்டம் தூங்கிக்கொண்டிருந்த நேரம். நிறைவேறாத அழைப்புகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. யாரும் அதைத் திறப்பதில்லை. அவள் திறந்தாள். கூப்பிட்டவர் யார் என்று அதில் இருக்காது. யாரைக் கூப்பிட்டார்களோ அந்த எண் இருக்கும். பத்தொன்பது வரி. முதல் வரியில் இருந்த எண்ணை அவள் இரண்டு தடவை படித்தாள். அது அவளுடைய எண்.

இரண்டாவது வரியிலும் அவள் எண். மூன்றாவதிலும் அதேதான். பத்தொன்பதிலும் வேறு எண்ணே இல்லை. கடைசி முயற்சி ஒன்று முப்பத்தொன்பது. ஒன்று நாற்பதுக்கு மேல் ஒன்றுமில்லை.

"எல்லாத்தையும் அணைங்க" என்றாள். "ரோடு, முகாம், எல்லாத்தையும். முழுசா முப்பத்தொண்ணுக்குக் குடுங்க."

பேட்டரி அப்படியே செய்தார். முப்பத்தொன்று விழித்தது. எண் சைபர் என்று வந்தது. இந்தத் தடவை அது உண்மையான சைபர். அணைந்த கட்டத்தில் சிக்னலைத் தேடித் தேடியே போன் செத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் எண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தாள். சாமியைக் கும்பிடாதவள், அன்றைக்கு யாரையெல்லாமோ கும்பிட்டாள்.

போன் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பதிவில் உத்தேசமாக ஒரு கணக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜீப்கள் கிளம்பின. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் கூப்பிட்டார். குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

"கிடைச்சிட்டாரு மேடம். சுற்றுப்பாதைல போகாம குறுக்கால இறங்கியிருக்காரு. முன் சக்கரம் புதைஞ்சிருச்சு. பாரத்தைக் குறைக்கலாம்னு சங்கிலிய அவுத்திருக்காரு போல, குழாய் உருண்டு கால் மேல விழுந்திருக்கு. உயிர் இல்ல மேடம்" என்றார். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், "இங்க சிக்னல் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் கள்ளம் கபடம் இல்லாமல்தான் சொன்னார்.

டாக்டர் மத்தியானம் சொன்னது இன்னும் மோசம். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார். மதியத்துக்குள் யாராவது போயிருந்தால் காலோடு போயிருக்கும் என்றார். கடுகு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முகாமிலிருந்து அந்த இடம் ஜீப்பில் ஐம்பது நிமிடம். அதை அவள் ஏற்கெனவே வரைபடத்தில் அளந்து வைத்திருந்தாள்.

விசாரணை அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பேட்டரி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், காத்து மேல போட்டுரலாம். கட்டத்தை அணைச்சது விதிப்படிதான். மணிய நிறுத்தினது யாருன்னு எங்கயும் பேர் இல்ல. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

"என் பேரை எழுதுங்க."

"யோசிச்சுக்குங்க. வேலை போயிரும்."

"போகட்டும். இனிமே யாருக்கு நான் சம்பாதிக்கணும்?"

அவர் எழுதினார். பத்தொன்பது வரிகள் இருந்த பக்கத்தையும் அறிக்கையோடு சேர்த்துத் தைத்தார். கடுகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி மனைவி பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் குடுவை, சுவரில் ஆகாயக் கப்பலின் பெரிய படம். கடுகு உள்ளே போனதும் எழுந்து வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டு நாளா கண்ணு மூடலையாமே அக்கா. நீங்க இல்லைன்னா அவரை இன்னும் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாங்கன்னு போலீஸ்காரர் சொன்னாரு."

கடுகு அவளை உட்கார வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சோதனைப் போன், தான் நிறுத்திய மணி, தான் அணைத்த கட்டம், டாக்டர் சொன்ன நேரம். எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் கை இவள் கையிலிருந்து மெல்ல விலகியது. அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கடுகு எதிர்பார்த்தாள். அதற்காகவே காத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

அவள் அடிக்கவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"பத்தொம்போது."

"யாரை?"

கடுகு தண்ணீர் குடுவையை எட்டி எடுத்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

"ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டாரா அக்கா?"

"கடைசித் தடவை" என்றாள் கடுகு. "கடைசியா கூப்பிட்டது உன்னைத்தான்மா."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் போனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசியா என்னைத்தான், கடைசியா என்னைத்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கடுகு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். விசாரணை அறிக்கையின் நகல் ஒன்றை இறந்தவரின் மனைவிக்கு முப்பது நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.