பிறெடியின் பாஸ்வேர்ட்

என் மனைவியின் தம்பி பிறெடி என் மகள் டெனிஷாவைத் திருடி என்று சொன்னான். சொன்ன இடம் கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோவில் முற்றம். கேட்டவர் மாப்பிள்ளை றமேஷின் தாய். அன்று பூசையில் டெனிஷாவின் கலியாண அறிவித்தலின் மூன்று ஓலைகளில் இரண்டாவதை வாசித்திருந்தார்கள். கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் சபையைக் கேட்கும் நாட்களில் இப்படியொரு பேச்சு. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் என்னிடம், "மூண்டாம் ஓலைக்கு முதல் இதைத் தீர்த்துப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

டெனிஷாவும் பிறெடியும் ஒரே கப்பல் முகவர் கம்பனியில் வேலை. சேர்வர் அவன் பொறுப்பு. சரக்கு விவரங்களைப் பிரித்தெடுக்க அவளுக்கு பைதன் மொடியூல் என்ற ஒரு சின்ன மென்பொருள் துண்டு தேவைப்பட்டது. போட்டுத் தரச் சொல்லிப் பல தடவை கேட்டாள். "பாப்பம் பிள்ளை" என்று இழுத்தடித்தான். பிறகு அந்த மொடியூல் சேர்வரில் ஓடுவதைத் தானே கண்டான். தன் பாஸ்வேர்ட் இல்லாமல் அங்கே யாரும் எதையும் போட முடியாது, ஆகவே அவள் அந்தப் பாஸ்வேர்டைத் திருடியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதிரை காட்டினான். நான் நின்றேன்.

"அத்தான், முதல்ல ரீ குடியுங்கோ."

"உன்ர வீட்டில பச்சைத்தண்ணியும் வேண்டாம். கொம்பியூட்டரைத் திற."

"அவள் என்ர பாஸ்வேர்டைப் பாத்திருக்கிறாள். வேற வழியில்லை."

"அப்ப இப்பவே மாத்து. நாங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

மாற்றினான். டெனிஷா தன் லப்டொப்பில் தன் பெயரில் சேர்வருக்குள் போனாள். முன்பு போட்ட மொடியூலை அவன் கண்முன்னே அழித்தாள். பிறகு ஒரு வரி தட்டினாள். மொடியூல் திரும்ப வந்து ஓடியது.

"மாமா, இது பொது இடத்துக்குப் போகேல்லை. கம்பனி எனக்குத் தந்த கோப்புறைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதுக்கு உங்கட பாஸ்வேர்ட் தேவையில்லை. மனேஜரிட்ட கேட்டிட்டுத்தான் செய்தனான்."

பிறெடி தன் திரையில் அந்தக் கோப்புறையைத் தேடிப் பார்த்தான்.

"இப்பிடிப் போடலாம் எண்டு எனக்குத் தெரியாமலில்லை" என்றான்.

"தெரிஞ்சுகொண்டோ பிள்ளையைக் கள்ளி எண்டனீ?"

அவன் முகம் கறுத்தது.

"தெரியாது" என்றான். மருமகளுக்கு முன்னால் அந்தச் சொல் அவனுக்குக் கசந்திருக்கும். கசக்கட்டும். "சரி அத்தான், வீட்டுக்குள்ள முடிச்சுக்கொள்ளுவம்."

"கோவில் முத்தத்தில சொன்னது. அங்கயே வந்து இல்லையெண்டு சொல்லு."

"ஒரு மொடியூலுக்காக அந்த மனுசிக்கு முன்னால போய் நிக்கவோ?"

"அண்டைக்கு நிண்டனீதானே. வழி தெரியும்."

ஞாயிறு பூசைக்கு முன் வந்தான். றமேஷின் தாயிடம், "பிள்ளை ஒண்டும் எடுக்கேல்லை. நான்தான் பிழையா விளங்கினது" என்றான். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. ஒருவரும் எழும்பவில்லை.

டெனிஷாவுக்கு ஞானத்தகப்பன் பிறெடிதான். அவளுடைய கலியாணத்தில் சாட்சிக் கையொப்பம் அவனுடையது என்று ஞானஸ்நானத்தன்றே பேசி வைத்தது. பூசை முடிந்து வாசலில் என்னை மறித்தான்.

"அத்தான், கலியாணத்தண்டு எத்தினை மணிக்கு நான் வரவேணும்?"

"எல்லாரும் வாற நேரத்துக்கு வா. கையெழுத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு."