உள்ளே ஊசி வாங்குகிறவர்

வெளியிலிருந்து புல்லைத் துளைத்துக்கொண்டு ஊசி உள்ளே வந்தது. கை நீளத்துக்கு மரத்தில் செதுக்கிய ஊசி, காதில் வைக்கோல் கயிறு கோத்தது. அது தன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றதைத் தொகுஜி பார்க்கவில்லை. சரசரப்பைக் கேட்டுக் கையை நீட்டித் துழாவித்தான் பிடித்தார். அவர் உட்கார்ந்திருந்தது கென்பே வீட்டுப் பரணில் மூன்றாவது தட்டு. கீழே கூடத்து நடுவில் எரிகிற அடுப்பின் புகை நாலைந்து தலைமுறையாக ஏறி ஏறி, உத்தரம், கயிறு, மூங்கில் எல்லாம் ஒரே கறுப்பு. கண் நன்றாக இருப்பவனுக்கே அங்கே மரம் எது, நிழல் எது என்று சட்டென்று தெரியாது.

வேலை சிக்கலானதல்ல. வெளியே ஒருவன் கூரைமேல் நின்று ஊசியைக் குத்துவான். உள்ளே இருப்பவர் கயிற்றை உருவிக்கொண்டு குறுக்குமரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி குத்துகிற ஊசியில் கோத்துத் திருப்பி அனுப்பி, "ஓய்" என்று குரல் கொடுப்பார். வெளியே இருப்பவன் காலை ஊன்றி இழுத்துக் கட்டுவான். அவ்வளவுதான். ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது. நடுவில் முழங்கை ஆழத்துக்குப் புல். அந்த "ஓய்" ஒன்றை நம்பித்தான் கூரை நிற்கிறது. ஆணியே அடிக்காத வீடுகள் இவை. கும்பிட்ட கைபோலச் செங்குத்தாக நிற்கும் இந்தக் கூரைகளில், ஹிடா மலையின் பனி ஆள் உயரத்துக்கு மேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கயிறு மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

ஐந்து வருஷத்துக்கு முன் கென்பே வீட்டுக் கிழக்குப் பக்கத்தை ஊரே கூடி வேய்ந்தது. ஒரு கூரை வேய்ந்தால் ஒரு மனுஷன் கிழவனாகும்வரை கவலையில்லை. இந்தப் பங்குனியில் அது பனியோடு சேர்ந்து பாதி சரிந்து வாசலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை என்பது கென்பேயின் அதிர்ஷ்டம். வேய்ந்த அன்றைக்கு வெளியே நின்று ஊசி குத்தியவன் இவாகிச்சி. உள்ளே வாங்கியவர் தொகுஜி. இருபது வருஷத்து ஜோடி.

ஊர்க்கூட்டத்தில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. குத்துகிற இடத்தைத் தீர்மானிப்பவன் வெளியே இருப்பவன்தானே, தப்பு அவனுடையது. இவாகிச்சி பாயில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொகுஜிக்கு அந்த நேரம் வாயில் கொழுக்கட்டை. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் சேர்ந்து குனிந்தார். "பாருய்யா, கூட்டாளி செஞ்ச தப்புக்குத் தொகுஜி தலை குனியறாரு. மனுஷன்னா இவருதான்" என்று கென்பே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது தொகுஜிக்கு. பிடுங்கிக்கொள்ளவில்லை. தேநீரைக் குடித்தார். அது தொண்டையில் இறங்கியதுகூட அவருக்கு அவமானமாக இருந்தது.

ஏனென்றால் அவருக்குத் தெரியும். சரிந்த சத்தம் கேட்ட அன்றைக்கே தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்பே இருட்டில் அவருக்கு எல்லாம் கஞ்சித்தண்ணீர்போலக் கலங்கித்தான் தெரிந்தது. கையால் தடவித் தடவிக் கட்டினார். ஒரு வரிசையில் பிடித்த கட்டை லேசாக அசைந்தது. குறுக்குமரம் அசையாது. அசைந்தால் அது பட்டுப்புழுத் தட்டு தொங்கவிடுகிற மூங்கில். ஒரு கணம் கை நின்றது. வெளியே இவாகிச்சி, "என்னண்ணே, உள்ளே தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தான். சிரிப்பு கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. "ஓய்" என்றார். அந்த வரிசை முழுக்க அதே மூங்கிலில்தான் கட்டினாரோ என்னவோ, நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அதே கூரை, அதே பரண். ஊர் இவாகிச்சியைக் கீழே இறக்கிவிட்டது. புல்கட்டுச் சுமக்கிற வேலை. இளவட்டங்களும் மருமகன்களும் செய்கிற வேலை. நாற்பத்தைந்து வயதில் அவன் முதுகில் புல்கட்டைக் கட்டிக்கொண்டு ஏணிக்கும் களத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். பெண்கள்கூட அவனைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். அவன் இடத்தில் குனிமாத்சு நின்று ஊசி குத்தினான். உள்ளே மட்டும் ஆள் மாறவில்லை. தொகுஜி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வருமே. காலையில் மனைவி ஹத்சுயே அவர் இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, ஊரில் இந்த வேலைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். அவர் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"வந்துச்சா?" என்று குனிமாத்சு வெளியே கத்தினான்.

கயிறு கையில் இருந்தது. இடது பக்கம் ஒரு கட்டை, வலது பக்கம் ஒரு கட்டை. இரண்டையும் அழுத்திப் பார்த்தார். இரண்டும் அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. கை நடுங்கினால் எல்லாம்தான் அசையும். இன்னொரு தடவை இந்தக் கூரை விழுந்தால் கென்பேயின் மருமகள் வாசலில் நிற்க மாட்டாள் என்று யார் சொல்ல முடியும்? பெரிய ஆள் என்ற பெயருக்காக ஒரு வீட்டையே அடகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

பின்னால் உள்ஏணி கிரீச்சிட்டது. கயிற்றுச்சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இவாகிச்சி ஏறி வந்து பக்கத்தில் குந்தினான். அவன்தான் என்று வியர்வை வாடையிலேயே தெரிந்தது. ஒன்றும் பேசாமல் தொகுஜியின் கையைப் பிடித்து வலது பக்கக் கட்டையின் மேல் வைத்தான்.

"இது மரம்ண்ணே. அது மூங்கி."

எப்போதிலிருந்து தெரியும் என்று தொகுஜி கேட்டார். சரிந்த புல்லை வாரிக் குப்பையில் போட்டவன் தான்தானே என்றான் இவாகிச்சி. அறுந்த கயிறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் முடிச்சு அவிழாமல், ஒடிந்த மூங்கிலோடு அப்படியே வந்ததாம். அதை வேறு யாரும் பார்ப்பதற்குள் அடுப்பில் போட்டுவிட்டானாம்.

"ஏன்டா சொல்லலே?"

"சொன்னா உங்கள வீட்டுல உக்கார வெச்சிருவாங்க. என் பேரை நாலு கூரை ஒழுங்கா வேஞ்சா மீட்டுக்கலாம். உங்களுக்கு அதுக்கு நேரம் இருக்கா?" அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு அடங்கிய குரலில், "கோவம் இல்லேன்னு நினைக்காதீங்க. கூட்டத்துல நீங்க தேத்தண்ணி குடிச்சீங்க பாருங்க, அப்ப கட்டையால ரெண்டு போடணும்னு இருந்துச்சு" என்றான்.

தொகுஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் விடவில்லை. புல் கொண்டுவருகிற சாக்கில் தான் அடிக்கடி மேலே வருவதாகவும், கையை எடுத்து வைத்துக் காட்டிவிட்டுப் போவதாகவும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் இந்தக் கூரையை முடித்துவிடலாம் என்றும் சொன்னான். அடுத்த வருஷம் உடம்புக்கு முடியவில்லை என்று அவர் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாமாம். சொல்லிவிட்டு இறங்கிப் போனான். ஏணி கிரீச்சிடுவது நின்றதும் பரண் மறுபடி இருட்டாக மட்டும் இருந்தது.

கை இன்னும் சரியான மரத்தின் மேல்தான் இருந்தது. சுற்றிக் கோத்து அனுப்பினால் போதும். நாளெல்லாம் இப்படியே போகும். மாலையில் கென்பே முதல் கோப்பை சாராயத்தை அவருக்குத்தான் ஊற்றுவார். இவாகிச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து ஊறுகாயைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் திட்டியிருந்தால்கூடத் தொகுஜி தாங்கியிருப்பார். அவன் கொடுத்த இரக்கத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

கயிற்றை விட்டார். தட்டுத் தட்டாகத் தடவிக்கொண்டே இறங்கி, கூடத்தைக் கடந்து, வாசலுக்கு வந்தார். வெயில் கண்ணில் வெள்ளையாக அடித்தது. களத்தில் பெண்கள் சோற்றுருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் வரிசையாக நின்றவர்கள் மரப்பலகையால் புல்லைத் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கண்ணு தெரியலே" என்றார்.

கரிபூசிய அவர் முகத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அடுப்புச் சாம்பலிலிருந்து பூனை எழுந்து வந்த மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. ஹத்சுயேயும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவர் கையில் வைத்தாள். களத்து ஓரத்தில் முதுகுச் சுமையோடு ஒருவன் அப்படியே நின்றுவிட்டது, உருவமாக மட்டும் தெரிந்தது. வேண்டாம் என்பதுபோல அந்த உருவம் தலையை அசைத்ததா, அவருக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

தொகுஜி துண்டால் முகத்தைத் துடைக்கவில்லை.

"கரி இல்லே. அஞ்சு வருஷமா தெரியலே" என்று கூரைமேல் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "இவா மேல தப்பில்லே. மூங்கில்ல கட்டினது நானு."

கூரையின் கீழ் வரிசையில் ஒரு பலகை தட்டுவதை நிறுத்தியது. பிறகு அதற்கு மேல் வரிசையில் ஒன்று. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே உச்சிவரை போனது.