கழற்றி மாட்டும் லிங்க்

மூன்றாவது முறையாக வண்டி அதே வளைவில் நின்றபோது முனீஸ்வரி எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்த, காய் பறிக்க வரும் பெண்கள் யாரும் சொல்லாமலே இறங்கத் தொடங்கினார்கள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்தியான கஸ்தூரியம்மாள் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு இழுத்துக் கட்டிக்கொண்டு, "நாங்க நடந்து போறோம் தாயி. நீ வண்டியக் கெளப்பிட்டு வா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் முனீஸ்வரிக்கு எரிச்சலாக இருந்தது.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைச் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் மண்பாதை அது. வளைவின் நடுவே ஒரு பாறை புடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் மழைநீர் அரித்த பள்ளம். இடது முன்சக்கரம் பாறைமேல் ஏறும்போது வலது சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். முனீஸ்வரியின் ஜிப்ஸியில் அது இறங்கவில்லை. அந்தரத்தில் நின்று சேற்றை வாரி இறைத்துச் சுற்றியது.

காரணம் அவளுக்குத் தெரியும். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு வளைந்த இரும்புக் கம்பி இருந்தது. ஸ்டெபிலைசர் என்பார்கள். தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் தாங்குவது அந்தக் கம்பிதான். பாறையிலோ அதுவே பகை. ஒரு சக்கரம் மேலே போனால் மற்றதையும் விடாமல் மேலே இழுத்தது.

அப்பா இறந்த பிறகு மலைமேல் இருந்த ஏலக்காய்த் தோட்டம் அவள் பொறுப்புக்கு வந்தது. கணவன் திலீபன் தேனியில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தான். அவனுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆகவே முப்பத்திரண்டு வயதில் அவள் டிரைவிங் பழகி, பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கினாள். காலையில் தேனி அல்லிநகரத்தில் இருந்து கிளம்பி, போடியில் காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவாள். மாலையில் அவர்களைக் கொண்டுவந்து விடுவாள். 2007ஆம் வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. காய்ப்பும் நன்றாக இருந்தது. பாதைதான் கெட்டுப்போனது.

தேனியில் முத்துக்கருப்பனின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். அவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"இத எதுக்கு வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீக? கழட்டிட்டா முன்சக்கரம் ரெண்டும் தன்போக்குல ஏறி எறங்கும்."

"ரோட்டுல ஆடாதா?"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"அவருக்கு இந்த வண்டிய ஓட்டத் தெரியாதுண்ணே. எங்கிட்டச் சொல்லுங்க."

முத்துக்கருப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, அவளோடு ஆண் யாராவது வந்திருக்கிறார்களா என்பதுபோல் பட்டறையின் வாசலைப் பார்த்தார். "கொஞ்சம் ஆடும். ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்றார்.

கழற்றிவிட்டு ஓட்டினாள். மறுநாள் காலை பாறை வளைவில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பெண்கள் பின்னால் சிரித்துக்கொண்டார்கள். அன்று பகல் முழுவதும் முனீஸ்வரி நல்ல மனநிலையில் இருந்தாள்.

மாலையில் போடிமெட்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. அவள் ஓரம் ஒதுங்கச் சட்டென்று ஒடித்தாள். வண்டியின் உடம்பு மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கஸ்தூரியம்மாளின் நெற்றி கூரைக் கம்பியில் மோதியது. பஸ் கடந்து போனது. வண்டி கவிழவில்லை. ஆனால் கவிழ்ந்துவிட்டது என்றே அந்த ஒரு நொடி எல்லாரும் நினைத்தார்கள். முனீஸ்வரியும் நினைத்தாள்.

ஓரமாக நிறுத்தியதும் கஸ்தூரியம்மாள் இறங்கினாள். நெற்றியில் லேசாக ரத்தம் கசிந்தது. முந்தானையால் அதை அழுத்திக்கொண்டாள்.

"நான் நடந்து போயிக்கிறேன் தாயி."

"அக்கா, இன்னும் பாதி மலை கெடக்கு. மெல்ல ஓட்டுறேன், ஏறுங்க."

"கெடந்தாக் கெடக்கட்டும்."

அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் இறங்கினார்கள். பின்னால் வந்த பக்கத்து எஸ்டேட் ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டது. மறுநாள் காலை போடியில் யாரும் முனீஸ்வரிக்காகக் காத்திருக்கவில்லை. அந்த எஸ்டேட்டிலேயே எல்லாரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம்.

"பழையபடி மாட்டிற வேண்டியதுதான?" என்றான் திலீபன், சாப்பிட்டுக்கொண்டே.

"மாட்டுனா பாறையில ஏறாதுங்க."

"அப்ப அந்தப் பாறைய ஒடைக்கச் சொல்லு."

"அது காட்டு எலாகா எடம். ஒரு கல்லத் தொட விடமாட்டாக."

"அப்ப என்னதான் செய்யணுங்கிற?"

அது அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததால் அவன்மேல் கோபம் வந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினாள். வெளிநாடுகளில் இதே தொல்லைக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கம்பியின் முனையையும் சக்கர அச்சையும் இணைக்கிற சின்னத் தண்டுக்கு லிங்க் என்று பெயர். அதை நட்டு போட்டு முடுக்காமல், கையால் உருவக்கூடிய ஓர் இரும்புப் பின்னைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். மண்பாதை தொடங்கும் இடத்தில் பின்னை உருவிவிட்டால் கம்பி விலகிவிடும். திரும்பித் தார்ச்சாலைக்கு வரும்போது மறுபடி செருகிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது இதுவேதான்.

அதிலும் பல வகை இருந்தது. சிலவற்றில் முனையில் புஷ் எனப்படும் ரப்பர் உறை, சிலவற்றில் இரும்புக் குண்டு. ஒரே நீளத்தில் வருபவை சில, மரை திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியவை சில. இரும்புக் குண்டு சேற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் ரப்பர் புஷ் வைத்த, நீளம் மாற்றக்கூடியதைத் தேர்ந்தெடுத்தாள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி எதுவும் போடாமல், வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே லிங்குக்கு வேண்டிய நீளத்தை அளந்தாள். கோயம்புத்தூரில் இத்தகைய சாமான் வரவழைத்துத் தரும் கடை ஒன்றுக்குப் போன் செய்து அளவைச் சொன்னாள். இரண்டு சைஸ் இருப்பதாகவும், பார்த்து அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

பார்சல் வர நாளானது. அதற்குள் தோட்டத்தில் காய் பழுக்கத் தொடங்கியிருந்தது. பழைய கம்பியை மாட்டிக்கொண்டு போய், வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து ஏறி, தனியாளாகக் கொஞ்சம் பறித்துவந்தாள்.

பார்சல் வந்ததும் வாசலிலேயே பிரித்து, வண்டிக்கு அடியில் படுத்து வைத்துப் பார்த்தாள். இரண்டு விரற்கடை நீளம் கூடுதல். மரையை முழுக்கத் திருகி உள்ளே தள்ளியும் குறையவில்லை. கம்பி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றது. கடைக்குப் போன் செய்தாள்.

"நாங்க கேட்டுட்டுத்தானே மேடம் அனுப்பினோம்" என்றான் கடைக்காரன். "வண்டி லிஃப்ட் பண்ணியிருக்கான்னு வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டோம். சார் ஆமான்னு சொன்னார். பிரிச்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம்."

திலீபன் அலுவலகத்திலிருந்து வரும்வரை அவள் லிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கடையில இருந்து போன் வந்துச்சா?"

"ஆமா, போன வாரம். வண்டியத் தூக்கியிருக்கான்னு கேட்டாக. போன வருசம்தான பெரிய டயர் போட்ட? அதான் ஆமான்னேன்."

"டயர் பெருசாப் போட்டா லிஃப்ட் இல்லைங்க. ஸ்பிரிங்க ஒசத்துனாத்தான் லிஃப்ட்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல. அடுப்படியிலதான இருந்திருப்பேன்."

"ஒரு போன் பேசுனதுக்கு இம்புட்டா?"

முனீஸ்வரி மடியில் இருந்த லிங்கைக் கீழே வைத்தாள். முத்துக்கருப்பன் வாசலைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவள் கண்கள் கலங்கின. அழுவது பிடிக்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்து போடியில் ஜேசுராஜின் லேத் பட்டறை. கோயம்புத்தூர் லிங்கை மாதிரியாகக் காட்டி, அவள் அளவுக்குச் செய்யச் சொன்னாள். முதல் ஜோடியில் பின் இறுக்கமாக இருந்தது. உருவச் சுத்தியல் வேண்டியிருந்தது. "கொஞ்சம் கடைஞ்சிருவோம்க்கா" என்று கடைந்தார். இப்போது லொடலொடவென்று ஆடியது. மெட்டு ஏறி இறங்குவதற்குள் அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டது. திரும்பப் போனாள். பட்டறை பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குக் கம்பம் போயிருக்கிறாராம். அடுத்த முறை போனபோது கரண்டு இல்லை. மூன்றாம் முறை அவள் பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டு வாங்கக்கா, நான் முடிச்சு வைக்கிறேன்."

"முடிங்க. இருக்கேன்."

அன்று முடிந்தது. பின் கையால் உருவ வந்தது, செருகினால் ஆடவில்லை. பின்னின் முனையில் நழுவாமல் இருக்க ஒரு வளையக் கொக்கியும் போடச் சொன்னாள்.

அந்த வாரம் இரண்டாம் சனிக்கிழமை. திலீபனுக்கு விடுமுறை. "நானும் வரேன்" என்றான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

மண்பாதை தொடங்கும் இடத்தில் அவள் இறங்கி, இரண்டு பக்கமும் பின்னை உருவி, கம்பியைக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டினாள். பாறை வளைவில் சக்கரம் பள்ளத்துக்குள் நீண்டு இறங்கியது. வண்டி ஏறியது. திலீபன் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான். "தொட்டிருச்சு" என்றான் மெதுவாக.

இருவருமாகப் பறித்த காயை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாலையில் இறங்கினார்கள். தார்ச்சாலை தெரிந்ததும் நிறுத்தி, கம்பியை மாட்டப் படுத்தாள். இடது பக்கம் பின் சுலபமாக நுழைந்தது. வலது பக்கம் துளையும் துளையும் சேரவில்லை. பாதை சாய்வாக இருந்தது. வண்டியை முன்னே நகர்த்திப் பார்த்தாள், பின்னே நகர்த்திப் பார்த்தாள். திலீபன் பம்பரைப் பிடித்து அமுக்கினான். விரல் அகலம் மிச்சம் இருந்தது. முதுகுக்கு அடியில் சேறு ஊறியது. 

"அப்படியே மெல்ல எறங்கிருவமா?" என்றான் அவன்.

அவள் அடியிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் சேறு. "இது இல்லாம நான் எறங்க மாட்டேன்" என்றாள். "இங்கனயே கெடக்குறேன். நீங்க பஸ்ஸப் பிடிச்சுப் போங்க."

அவன் போகவில்லை. சாலையை ஒட்டிக் கொஞ்ச தூரத்தில் பக்கத்து எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அதன் முன்னால் சிமெண்டுக் களம். அங்கே தரை சமமாக இருக்கும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இடது பின்னையும் உருவிவிட்டு, நடக்கிற வேகத்தில் வண்டியை அங்கே கொண்டுபோனாள்.

களத்தில் அவளிடம் முன்பு வேலை பார்த்த பெண்கள்தான் காய் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியம்மாளும் இருந்தாள். சேறும் சகதியுமாக வண்டியிலிருந்து இறங்கிய முனீஸ்வரியைப் பார்த்து எல்லாரும் காய் கொட்டுவதை நிறுத்தினார்கள்.

சமதளத்திலும் இரண்டாவது பின் முழுதாகச் சேரவில்லை. மூட்டை எல்லாம் இடது பக்கம் இருந்ததால் வலது பக்கம் சற்றுத் தூக்கி நின்றது. முனீஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு பெண்களைப் பார்த்தாள். கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் முடியாது.

"அக்கா, ரெண்டு பேரு வந்து வலது பக்கம் பம்பர்ல ஏறி நில்லுங்க. வண்டி நகராது. நான் அடியில இருக்கேன்."

கஸ்தூரியம்மாள் கூடையை வைத்துவிட்டு வந்தாள். ராக்கம்மாள் என்ற இன்னொருத்தியும் வந்தாள். இருவரும் திலீபனின் தோளைப் பிடித்துக்கொண்டு பம்பரில் ஏறினார்கள். வண்டியின் மூக்கு மெல்ல அமுங்கியது. துளைகள் நேராயின. முனீஸ்வரி பின்னைத் தள்ளி, கொக்கியை மாட்டினாள். 

அவள் வெளியே வந்ததும் கஸ்தூரியம்மாள் கேட்டாள். "இனி ஆடாதா?"

"ஆடும்க்கா. முன்ன மாதிரி சாயாது."

கஸ்தூரியம்மாள் நெற்றியில் ஆறிப்போன வடுவைத் தடவினாள். "நீ சொன்னா நெசமாத்தான் இருக்கும். ஆனா அந்தத் திருப்பத்துல இன்னொருக்கா இந்த வண்டியில வர எனக்குத் துணிச்சல் இல்ல. நான் இங்கனயே இருந்துக்கிறேன் தாயி. கோவிச்சுக்காத."

"கோவம் இல்லக்கா" என்றாள் முனீஸ்வரி. கோபம் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ராக்கம்மாளும் அவள் மகளும் மட்டும் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு முழுத் தோட்டத்தையும் பறித்து முடிக்க முடியாது. பழுத்த காயில் பெரும்பகுதி மண்ணில் உதிரத்தான் போகிறது. களத்தின் மேஸ்திரி, தினமும் மாலையில் அவள் அங்கே வந்து கம்பியை மாட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

இறங்கும்போது திலீபன் ஒவ்வொரு வளைவிலும் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டி நிமிர்ந்தே திரும்பியது. மலையடிவாரம் வந்ததும், "இனிமே எவன் போன் பண்ணுனாலும் உங்கிட்டக் குடுத்துர்றேன்" என்றான். அவள் சரி என்று தலையசைத்தாள். 

திங்கட்கிழமை மண்பாதை முனையில் வண்டியை நிறுத்தி, கோணிச்சாக்கை விரித்து, அடியில் படுத்தாள். ராக்கம்மாள் குனிந்து பார்த்தாள்.

"தெனமுமா இப்படிப் படுத்து எந்திரிக்கணும்?"

"தெனமும்தான். போக ஒருக்கா, வர ஒருக்கா."

"என்னத்துக்கு ஆத்தா இந்தப் பாடு" என்றாள் ராக்கம்மாள்.

முனீஸ்வரி இரண்டாவது பின்னை உருவி, கயிற்றைக் கேட்டுக் கையை வெளியே நீட்டினாள்.