சயாம் லைன் இஞ்சின்

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, வெளிநாட்டில் குடியேறிய ஊரான ரானுயியில், வீட்டில் வரதராஜன் தன் தாத்தாவுக்குப் படையல் வைத்தார். ஜப்பான்காரன் காலத்தில், மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குத் தண்டவாளம் போட லாரியில் அள்ளிக்கொண்டு போனவர்களில் ஒருத்தர். திரும்பவில்லை. செத்த தேதி தெரியாது, படம் கிடையாது. வீட்டில் நல்லது நடக்குமுன் வெறும் சுவருக்கு முன்னால்தான் இலை விழும். அவருக்கு என்ன பிடிக்குமென்று யார் கண்டது? குத்துமதிப்பாகக் கோழிக்குழம்பு, சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர்.

மகள் பிரணவி கட்டிக்கொள்ளப் போகிறவன் கென்டா, ஜப்பான் பிள்ளை. வரதராஜன் அதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மங்கரே விமான நிலையத்தில் சரக்கு தூக்கித் தேய்ந்த உடம்பு. வாயும் அப்படியே ஆகியிருந்தது.

இலையைத் துடைத்துக்கொண்டே பிரணவி விஷயத்தை அவிழ்த்தாள். போன மாதம் டோக்கியோவில், கென்டாவின் அம்மா யசுகுனி கோயிலுக்குக் கூட்டிப்போனாராம். போரில் செத்த சிப்பாய்களைச் சாமியாக்கி வைத்திருக்கும் இடம். போர்க்குற்றத்துக்காகத் தூக்கில் போட்ட தளபதிகளும் அந்தச் சாமிகளோடு சேர்த்தி என்பதால் இன்றைக்கும் ஓயாத சண்டை. கென்டாவின் கொள்ளுத்தாத்தாவும் அங்கேதான். கல்யாணச் செய்தியை அவருக்குச் சொல்லணுமென்று இவளும் குனிந்து கும்பிட்டிருக்கிறாள். பிறகு பக்கத்து மியூசியத்துக்குள் நுழைந்தால், பளபளவென்று கறுப்பு ரயில் இஞ்சின். பலகையைப் படித்தபோதுதான் தெரிந்ததாம், சயாம் லைனில் ஓடியது.

"தாத்தா பேரு இருந்துச்சா?"

"கூலிங்க பேரு எங்கயும் இல்லப்பா."

"இஞ்சினுக்கு இடமிருக்கு," என்றார்.

கோபம் வருமென்று காத்திருந்தார். மரத்த காலில் முள் ஏறினாற்போல, ஏறியது தெரிந்தது, வலியைக் காணோம்.

"நான் கும்பிட்டது தப்பாப்பா?"

அவர் ஸ்டவுட் போத்தலை இலையோரம் நகர்த்தி வைத்தார். மனைவி யோகராணி அடுப்படியிலிருந்து வந்து, மாப்பிள்ளை வாசலில் நிற்கிறான், வீட்டு ஆட்கள் மட்டும் உட்காரும் படையலுக்கு அவனைக் கூப்பிடுவதா, அனுப்பிவிடுவதா என்று தணிந்த குரலில் கேட்டாள். பிரணவி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"வரச் சொல்லு."

கென்டா வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தான். சூடம் காட்டியானதும், செத்தவர் வந்து சாப்பிடட்டுமென்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஏன் வெளியே நிற்கிறோமென்று கென்டா பிரணவியிடம் கேட்டான்.

"தாத்தா சாப்பிடுறாரு. முடிக்கட்டும், அப்புறம் நம்ம சாப்பிடலாம்னு சொல்லு," என்றார் வரதராஜன்.

தலையாட்டிவிட்டு அவனும் அவர் பக்கத்தில் நின்றான்.