முந்திரிப் பால் பட்ட கை

பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்காரி எதற்கும் தலையாட்டித்தான் ஆகவேண்டும். அப்படித் தலையாட்டித் தலையாட்டித்தான் சொர்ணவல்லி அன்னவாசலில் அந்த மரக்கட்டிலில் வந்து மாட்டிக்கொண்டாள். எண்ணெய் வழிந்துவிடாமல் சுற்றிலும் விளிம்பு வைத்த கட்டில். கதவுக்கு உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே நின்றவள் வனிதா. இன்னும் பத்தொன்பது நாளில் சம்பந்தியாகப் போகிறவள்.

வனிதா அந்த ஊரில் ஆயுர்வேத சிகிச்சை நிலையம் நடத்துகிறாள். இடுப்புவலி, கழுத்துவலி, கால் வீக்கம் என்று புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். அப்பேர்ப்பட்டவள் கண்ணுக்கு ஒன்று தப்புமா? நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதே சொர்ணவல்லியின் இடது கையைப் பார்த்துவிட்டாள். வலது கையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது அது. மணிக்கட்டு எங்கே என்று தேடவேண்டும்.

"என்ன மதினி, கை இப்படி வீங்கியிருக்கு?"

சொர்ணவல்லி வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் கண்ணுசாமி முந்திக்கொண்டார். "முந்திரிக்கொட்டை ஒடைக்கையில பால் பட்டுப் பொத்துப்போச்சுங்க. புண்ணு ஆறிடுச்சு, வீக்கம் மட்டும் அப்படியே நிக்குது."

கந்தர்வக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர் முந்திரித்தோப்பு வைத்திருக்கிற மனுஷன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? சபையே உச்சுக்கொட்டியது. அந்த ஆளுக்கு மட்டும் பொய் எங்கிருந்துதான் அப்படி ஊறுமோ தெரியவில்லை.

உண்மை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் சொர்ணவல்லியின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்ததால், கையில் ஊறுகிற நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கிப்போயிற்று. சொந்தக்காரர்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னார்கள். சென்னையில் வேலை பார்க்கும் ஒரே மகள் மணிமேகலைக்கும் அதையேதான் சொன்னார்கள். "வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும்பானுங்க" என்றார் கண்ணுசாமி. சொர்ணவல்லி அதற்கும் தலையாட்டினாள்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்துத்தான் இந்தச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் தங்கமான பையன். தன் கையால் அது கெட்டுவிடக் கூடாது என்பது ஒன்றே சொர்ணவல்லியின் கவலை.

போன வாரம் வனிதா போன் பண்ணினாள். "கல்யாணத்தன்னைக்கு ஒரு வளையல்கூட ஏறாம நிப்பீங்களா மதினி? ஒரு நாள் வாங்க, நானே பார்க்குறேன்." ஆசையாகக் கூப்பிடுகிறவளிடம் மாட்டேன் என்றால் என்ன நினைப்பாள்? கண்ணுசாமியே காரில் கூட்டிவந்தார். "கையை மட்டும் காட்டு, ஜாக்கெட்டைக் கழட்டிடாத" என்று வழியெல்லாம் ஓதினார். இப்போது வாசலில் உட்கார்ந்து வனிதாவின் புருஷனோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கென்ன, படுத்திருப்பது அவரா?

"ஜாக்கெட்டைக் கழட்டிட்டு இந்தத் துண்டைக் கட்டிக்கங்க மதினி."

"வேணாங்க. கையை மட்டும் பாருங்க, போதும். எனக்குக் கூச்சம்."

"பொம்பளைக்குப் பொம்பளை என்ன கூச்சம்" என்று சிரித்தாலும் வனிதா வற்புறுத்தவில்லை. சொர்ணவல்லிக்கு மூச்சு வந்தது. ஆனால் படுத்ததும் ஜாக்கெட்டுக்குள் இடது பக்கம் வைத்திருந்த பஞ்சுப் பொதி நழுவத் தொடங்கியது. சேலைக்கு மேலேயே வலது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஃபேன் ஓடியும் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. அந்தக் கையில் சூடான எண்ணெய் ஊற்றி யாரும் அழுத்தித் தேய்க்கவே கூடாது என்று திருச்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வனிதா இப்போது அழுத்தினால் வீக்கம் இன்னும் ஏறும். அழுத்தாதீங்க என்று சொன்னால், ஏன் என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம், வீங்கினால் வீங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் வனிதா அந்தக் கையைத் தொடவே இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுக்கவில்லை. வெறும் விரல்நுனிகள் கழுத்தெலும்பின் குழியில் வந்து உட்கார்ந்தன. தோல் மட்டும் அசைகிற அளவுக்கு மெதுவாக, குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி ஒரு தடவல். அப்புறம் விரல்கள் வலது அக்குளுக்குப் போயின. அங்கேயும் அதே நிதானம்.

சொர்ணவல்லிக்குத் திக்கென்றது. இந்த வரிசை அவளுக்குத் தெரியும். திருச்சி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் இப்படித்தான் நல்ல பக்கத்தில் ஆரம்பிப்பாள். "தேங்குன தண்ணி வடியணும்னா முதல்ல அது போற எடத்தைத் தொறக்கணும்மா. கடைமடையை அடைச்சு வச்சுக்கிட்டு மேல வெட்டிவிட்டா என்ன ஆகும்?" என்று கேட்பாள். முந்திரிப் பால் பட்ட இடது கைக்கு எவளாவது வலது அக்குளில் ஆரம்பிப்பாளா?

"ஆபரேஷன் எந்த வருஷம் மதினி?" வனிதாவின் குரலில் கோபமில்லை.

"என்ன ஆபரேஷன்..."

"பால் பட்டுப் பொத்துப்போன கையில கறுப்பா ஒரு தழும்பாச்சும் நிக்கும். ஒங்க கை பளிங்கா இருக்கு. மாரை எடுத்தவங்க கை இப்படி வீங்கி நான் பார்த்திருக்கேன். நிச்சயத்தன்னைக்கே தோணுச்சு. சபையில கேட்டா நல்லாருக்காதுன்னுதான் தனியாக் கூப்பிட்டேன்."

எழுந்து ஓடலாமென்றால் கதவில் தாழ். ஓடித்தான் எங்கே போவது? சொர்ணவல்லி வனிதாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணத்தை நிறுத்திடாதீங்க. தப்பெல்லாம் எங்களோடது. எம்புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது."

வனிதா நிமிர்ந்தாள். "ஒண்ணுமே தெரியாதுன்னா? மணிமேகலைகிட்டயுமா சொல்லலை?"

"கர்ப்பப்பைன்னு சொல்லியிருக்கோம்."

வனிதா தன் கையை உருவிக்கொண்டாள். அதுவரை இல்லாத கோபம் அப்போதுதான் அவள் முகத்தில் ஏறியது. "எங்ககிட்ட மறைச்சீங்க, அது பொண்ணைப் பெத்தவங்க பயம், எனக்குப் புரியுது. அந்தப் புள்ளைகிட்ட மறைக்கலாமா? பெத்தவளுக்கு வந்திருந்தா மகளும் கவனமா இருக்கணும்னு டாக்டர் சொல்லலையா?"

சொன்னார். மகளை ஒருதரம் கூட்டிவாருங்கள் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொன்னார். கல்யாணம் முடியட்டும் என்றார் கண்ணுசாமி. மூன்று வருஷமாகக் கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்றே ஓட்டிவிட்டார்கள்.

"போனை எடுங்க."

"இப்பவா? அவ ஆபீஸ்ல இருப்பா. கல்யாணம்..."

"கல்யாணத்தைப் பத்தி நான் இப்ப ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்." சொர்ணவல்லியின் கைப்பையிலிருந்து போனை எடுத்து வனிதாவே நீட்டினாள்.

நாலாவது மணியில் மணிமேகலை எடுத்தாள். வனிதா ஸ்பீக்கரைப் போட்டாள். "என்னம்மா, மாமியார் கவனிப்பெல்லாம் பலமா? எனக்கு முன்னாடி நீ குடித்தனம் பண்ணப் போயிட்டியா?" என்று கேலி பண்ணினாள். சொர்ணவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு, திக்கித் திணறி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அம்மா, எட்டு மாசத்துக்கு முன்னாடி எனக்கும் ஒரு பக்கம் சின்னதா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு" என்றாள் மணிமேகலை. "நீ பயந்துக்குவேன்னு சொல்லலை. ஸ்கேன் எடுத்தேன். வீட்ல யாருக்காவது வந்திருக்கான்னு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க."

"நீ என்ன எழுதுன?"

"இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன்மா. சின்ன வயசு, சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. கல்யாண வேலையில நான் அப்புறம் போகவே இல்லை."

வனிதாதான் போனை வாங்கினாள். "அத்தை பேசுறேம்மா. நாளைக்குக் காலையில அந்த ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் அம்மாவும் இன்னைக்கே கிளம்பி வாரோம், நீ தனியாப் போகாத."

வெளியே கண்ணுசாமி கதவைத் தட்டினார். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று வனிதாவைக் கேட்க சொர்ணவல்லிக்குத் தோன்றவே இல்லை. ஒன்றுமறியாமல் மகள் எழுதிக்கொடுத்த அந்த 'இல்லை'யைத் தான்தான் அவள் கையைப் பிடித்து எழுதவைத்தோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.