ஆம்ப்ரோஸ் டாலியின் வாக்கு

கென்டக்கி சட்டசபைக்கு இரண்டு முறை தேர்வான வக்கீல் லெமுவேல் ப்ரையர், மூன்றாவது தேர்தலுக்குப் பத்தே நாள் இருக்கும்போது கெசியா என்ற வேலைக்காரிக்காக வழக்காடப் போனார். அவள் தன் எஜமானர் கேப்டன் டாலியைச் சூப்பில் விஷம் வைத்துக் கொன்றாள் என்பது வழக்கு. டாலி ஊருக்கே செல்லப்பிள்ளை. கெசியாவுக்கோ நாதியில்லை.

"இந்தக் கேஸ் வேணாங்க," என்று மனைவி தாபிதா கெஞ்சினாள். "ஊரே தூக்குக் கயிறு திரிச்சுக்கிட்டு நிக்குது."

"எனக்கு மட்டும் பயமில்லையா? நான் போகலன்னா அவளைத் தூக்குல போட ஒரு மத்தியானம் போதும்."

கெசியா வேலைக்குச் சேர்வதற்கு நாலு நாள் முன்பே கேப்டன் காய்ச்சலில் வாந்தி எடுத்துக் கிடந்தார் என்பதை டாக்டர் வாயாலேயே வரவழைத்தார் லெமுவேல். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் விடுதலை என்றார்கள். ஊரார் கையில் சிக்காதபடி அன்றே அவளை ஓஹையோ ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார். கோர்ட்டிலிருந்து அவளோடு கிளம்பும்போது, இறந்தவரின் தம்பி ஆம்ப்ரோஸ் சாட்டையும் கையுமாக வழிமறித்தான்.

"தேர்தலன்னிக்கு வருவேன் வக்கீலு. பெஞ்சுல இருப்பேல்ல?"

அந்தப் பத்து நாளும் லெமுவேல் கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டுத்தான் படுத்தார்.

அந்தக் காலத் தேர்தலில் வாக்கை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோர்ட்டு வாசலில் பெஞ்சு போட்டு வேட்பாளர்கள் உட்கார்ந்திருக்க, வாக்குப் பெற்றவர் எழுந்து நன்றி சொல்வது வழக்கம். எதிராளி ஹார்ட்வெல் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். ஜூரித் தலைவராக இருந்த பீப்பாய் செய்யும் ஓபதையா வந்தார். மரத்தடியில் முறைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "ஹார்ட்வெல்," என்று முனகிவிட்டு நழுவினார். லெமுவேலுக்குக் கோபம் வரவில்லை. அதே பயம்தான் தனக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ஆம்ப்ரோஸ் வந்தான். இரண்டடி தூரத்தில் நின்றான். கை கோட்டுக்குள் போயிற்று. வண்டியில் இருந்த தாபிதா அலறியபடி எழுந்தாள். ஆம்ப்ரோஸ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"யாருக்கு?" என்றார் வாக்கைக் கேட்டுப் பதிந்துகொண்டிருந்த ஷெரீஃப்.

"ப்ரையருக்கு." ஆம்ப்ரோஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "அண்ணன் காய்ச்சலாக் கெடந்தத நானும் பாத்தேன். கூண்டேறிச் சொல்லத்தான் தைரியம் வரல."

"துரோகி!" என்று எவனோ கத்தினான்.

லெமுவேல் நன்றி சொல்ல எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அறுபத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முடிவைப் படித்ததும் கூட்டம் அவரை நெருக்கியது.

"என் பக்கத்துலயே நட," என்றான் ஆம்ப்ரோஸ். "திரும்பிப் பாக்காதே."

முதல் கல் லெமுவேலின் தோளில் விழுந்தது. இரண்டாவது ஆம்ப்ரோஸின் காதைக் கிழித்தது. இருவரும் ஓடவில்லை. தாபிதா கடிவாளத்தைப் பிடித்தபடி வண்டியை அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு லெமுவேல் சட்டசபைப் படி ஏறவே இல்லை. கோர்ட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார், ஒவ்வொரு முறையும் நடுங்கிக்கொண்டே.